மறுகரைக்குப் போன பத்துக் கடிதங்கள்

தங்கைக்கு எதுவும் சும்மா கிடைத்ததில்லை. பதினோராம் வகுப்போடு நின்றுபோன படிப்பை, வேலை பார்த்துக்கொண்டே மாலைக் கல்லூரியில் ஏழு வருடத்தில் முடித்தாள். இடது கண்ணில் பாதிப் பார்வைதான். அதை வைத்துக்கொண்டே புவியியல் துறையில் வரைபடம் நகலெடுக்கும் வேலைக்கான தேர்வில் பதினான்கு ஆண்களைத் தாண்டி வந்தாள். கைப்பிடியைச் சுற்றினால் எண்களைக் கூட்டிப் பெருக்கித் தரும் இயந்திரம் ஒன்று துறைக்கு வந்தது. "பொம்பளை தொட்டா பல்லு உடைஞ்சிடும்" என்று சிரித்தவர்களே மூன்று மாதத்தில் அதன் சாவியை அவளிடம் கொடுத்தார்கள். கருத்தரங்க அறையில் சாய்மானம் உள்ள நாற்காலிகூடக் கிடைத்தது. கிடைக்காதது ஒன்றுதான். ஒன்பது வருடத்தில் இருநூற்றுப் பதினாறு படங்கள் வரைந்தாள். எல்லாவற்றின் வலது மூலையிலும் வேறு யாராவதுதான் கையெழுத்துப் போட்டார்கள்.

இந்த இருநூற்றுப் பதினாறு அக்காவின் கணக்கு. எட்டாம் வகுப்பு முடித்ததும் தபால் பிரிக்கும் வேலைக்குப் போனவள் அக்கா. நாற்பத்தெட்டு கட்டம் உள்ள மரச்சட்டத்தின் முன்னால் நின்று, கடிதங்களை ஊர் வாரியாக வீசிப் போடுவாள். எண்ணாமல் அவளால் மாடிப்படிகூட ஏற முடியாது.

அந்த நாளில் புவியியல் என்றால் மலை, மண், மழை, விளைச்சல் என்று வருணித்து எழுதுவதுதான். புதிதாக வந்த பேராசிரியர் வேறு மாதிரி. எந்த ஊர் எந்த ஊரை எவ்வளவு இழுக்கிறது என்பதை எண்ணிக் காட்ட வேண்டும் என்பார். பழைய ஆசிரியர் ஒருவருக்கு இது பிடிக்கவே இல்லை. தாழ்வாரத்தில் தங்கையைப் பார்க்கும்போதெல்லாம், "என்னம்மா, இன்னிக்கு மலையை எதால வகுத்தே?" என்று கேட்பார்.

தங்கை ஒரு சூத்திரத்தைச் சோதிக்க நினைத்தாள். ஊரில் ஜனம் இரண்டு மடங்கானால் அங்கே போகும் கடிதமும் இரண்டு மடங்கு. தூரம் இரண்டு மடங்கானால் கடிதம் நாலில் ஒரு பங்கு. சுற்றியிருக்கும் பன்னிரண்டு ஊர்களுக்கு இங்கிருந்து தினமும் எத்தனை கடிதம் போகிறது என்று அக்கா அறுபது நாள் எண்ண வேண்டும்.

"பிரிச்சுப் படிக்கக் கூடாது. உறையை எண்ணினா போதும்" என்றாள்.

"ஊரான் கடிதத்தைப் படிக்கவாடி நான் இருபது வருஷம் நிக்கிறேன்?" என்றாள் அக்கா. அதிகாரியிடம் அனுமதி வாங்கியவளும் அவள்தான்.

பதினோரு ஊர்கள் சூத்திரத்தை ஒட்டியே வந்தன. மறுகரை மட்டும் வரவில்லை. ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் சின்ன ஊர் அது. பன்னிரண்டில் இன்னொன்றான ஆலை ஊரில் இருக்கும் ஜனத்தில் கால்வாசிதான் அங்கே. ஆனால் ஆலை ஊர் பதினாறு மைல், மறுகரை எட்டு மைல். ஜனம் கால்வாசி, தூரம் பாதி. இரண்டு ஊருக்கும் கடிதம் சமமாகப் போக வேண்டும் என்று அக்காவே விரல்விட்டுப் போட்டுப் பார்த்தாள். ஆலை ஊருக்கு நாளைக்கு நாற்பது போனது. மறுகரைக்கு ஒன்பது, பதினொன்று, பத்து.

பதினேழு நாள் பார்த்தாள். தங்கையின் கணக்கு தப்பாக இருக்கும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. இவ்வளவு படித்தவள் போட்ட கணக்கு. தன் கைதான் எங்கோ பிசகுகிறது என்று நினைத்தாள். அதோடு பழைய ஆசிரியரின் கேலி பற்றித் தங்கை சொன்னதும் நினைவுக்கு வந்தது. பதினெட்டாம் நாள் மறுகரைக்கு நேராக முப்பத்தெட்டு என்று எழுதினாள். மறுநாள் நாற்பத்தொன்று. அடுத்த நாள் முப்பத்தாறு. தினமும் நாற்பது என்றே எழுதினால் சந்தேகம் வரும் என்று ஏற்றி இறக்கி எழுதினாள். பழைய பதினேழு நாளையும் அதே மாதிரி மாற்றிப் புது நோட்டில் நகலெடுத்தாள். எழுத்து மணி மணியாக இருந்தது. பின்னாளில் அவளை அதிகம் கூச வைத்தது அந்த அழகுதான்.

ஆனாலும் உண்மையான எண்ணிக்கையைத் தூக்கிப்போட அவளுக்குக் கை வரவில்லை. துண்டுச் சீட்டுகளின் பின்பக்கம் தேதி போட்டு எழுதி, சணல் நூலால் கட்டி, தையல் பெட்டிக்கு அடியில் வைத்திருந்தாள்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் தங்கை சுருட்டிய தாளோடு வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் மேசையில் விரித்தாள். ஒரு சாய்கோடு, அதை ஒட்டிப் பன்னிரண்டு புள்ளிகள்.

"எது கோட்டு மேலயே ஜம்முனு உக்காந்திருக்கு பாரு. உன் மறுகரை. பேராசிரியரே அசந்துட்டார். திங்கக்கிழமை அச்சுக்குப் போகுது. அவர் பேர்லதான், ஆனா கீழே எனக்கு நன்றி போடறாராம்."

"நல்லது" என்றாள் அக்கா.

"என்னக்கா, முகம் செத்துப்போச்சு?"

"வெயில்ல வந்தேன்."

அன்று ராத்திரி அக்கா வேறு கணக்குப் போட்டுப் பார்த்தாள். இது அச்சில் வந்து, நாளைக்கே யாராவது மறுகரைக் கடிதத்தை எண்ணிப் பார்த்தால், பேராசிரியருக்கு ஒன்றும் ஆகாது. இயந்திரத்தின் சாவி போகும், நாற்காலி போகும், ஒன்பது வருடம் போகும். பொய் சொன்னது தங்கைதான் என்பார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை, தலை வாரிக்கொண்டிருந்தவளின் முன்னால் அக்கா சணல் கட்டை வைத்தாள்.

தங்கை ஒவ்வொரு சீட்டாகப் பார்த்தாள். சீப்பு தலையிலேயே சொருகியிருந்தது.

"ஏன்கா?"

"உன் கணக்கு கெட்டுடக் கூடாதேன்னு."

"அதைக் கெடுத்ததே நீதான்."

அக்கா சிதறிய சீட்டுகளை அடுக்கினாள். "தப்பு சூத்திரத்துலயா ஊருலயான்னு பார்க்கத்தானே எண்ணச் சொன்னேன்? பதிலை நீயே எழுதிட்டா எனக்கு என்ன வேலை?" என்றாள் தங்கை.

"அதான் சரியான எண்ணிக்கை இருக்கே. இந்தச் சீட்டை எடுத்துக்கோ."

"இனிமே நீ எண்ணினதை நான் எடுத்துக்க முடியாதுக்கா."

கத்தியிருந்தால் தேவலை. சாதாரணமாகத்தான் சொன்னாள்.

திங்கட்கிழமை தங்கையே போய்ச் சொல்லிக் கட்டுரையை நிறுத்தினாள். செய்தி தாழ்வாரம் முழுக்கப் பரவியது. "ஊரை எண்ணச் சொன்னா ஊருக்கே கதை கட்டிட்டாங்களாமே" என்றார் பழைய ஆசிரியர். அக்கா செய்தது என்று தங்கை யாரிடமும் சொல்லவில்லை.

பிறகு முப்பது நாள், வேலைக்கு முன்னால் வந்து அக்காவின் பக்கத்தில் நின்று அவளே எண்ணினாள். அக்கா கடிதத்தை வீசுவாள், தங்கை கோடு போடுவாள். பேச்சு இல்லை. சக ஊழியர்கள், "தங்கச்சி பரீட்சை சூப்பர்வைசரா?" என்று கேலி செய்தார்கள். அக்கா குனிந்த தலை நிமிரவில்லை. முப்பதாம் நாள் மறுகரைக்குச் சராசரி பத்து. தங்கை தன் தாளைச் சணல் கட்டின் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். சீட்டின் மேல் சின்னதாக ஒரு டிக் போட்டாள்.

"ஞாயித்துக்கிழமை மறுகரைக்குப் போலாம், வா" என்றாள். ஒரு மாதத்தில் அவள் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

பஸ்ஸில் பாதி வழி போய் இறங்கி, படகுத்துறைக்கு மண் சாலையில் நடந்தார்கள். படகு வரவில்லை. ஆள் சேர்ந்தால்தான் எடுப்பேன் என்று படகுக்காரர் மரத்தடியில் படுத்திருந்தார். அக்கா கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். வாசலில் இருந்து மறுகரைக் கடைத்தெரு வரை இரண்டு மணி பத்து நிமிடம்.

"ஆலை ஊருக்கு பஸ்ல எவ்வளவு நேரம் ஆகும்?" என்றாள் தங்கை, திரும்பி ஆற்றங்கரைக்கு வந்ததும்.

அக்கா தயங்கினாள். தன் வாயிலிருந்து எண் வருவதற்கே அவளுக்குப் பயமாக இருந்தது. "காத்திருக்கறதும் சேர்த்து ரெண்டு மணி. நீயும் ஒரு தடவை பார்த்துக்கோ."

தங்கை கரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஏறக்குறைய ஒரே நேரம், ஜனம் கால்வாசி. நாற்பதில் கால்வாசி பத்து. "அளவுகோலை வச்சு அளந்தேன்கா. காகிதத்துல ஆறு ஒரு நீலக் கோடுதானே. நான் வரைஞ்ச கோடு" என்றாள். அக்கா பொய் எழுதிய ஒரே இடத்தில்தான் அவள் தேடிய விஷயம் இருந்தது. அது புரிந்தபோது அக்காவுக்கு ஆற்றைப் பார்க்கவே முடியவில்லை.

மைலை விட்டுவிட்டு மணியை வைத்து எல்லா ஊரையும் மறுபடி போட்டார்கள். பன்னிரண்டும் முன்னைவிடக் கோட்டுக்குப் பக்கத்தில் வந்தன. ஆனால் பேராசிரியர், ஒரு தடவை நிறுத்திய கட்டுரையில் தன் பெயர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். "உன் பேர்லயே அனுப்பிக்கோம்மா" என்றார்.

கட்டுரையின் மூன்றாம் பக்கத்தில் ஒரு வரி உண்டு: 'முதல் எண்ணிக்கையில் ஓர் ஊரின் எண்கள் மாற்றப்பட்டிருந்ததால், மீண்டும் எண்ணப்பட்டது.' அக்கா அதை ஒவ்வொரு சொல்லாகப் படித்தாள்.

"மாத்தினது யாருன்னும் எழுது. இல்லாட்டி உன்னைத்தான் நினைப்பாங்க."

"நினைக்கட்டும். நீ தேதி சொல்லு. அதையாவது சரியா சொல்லுவே."

அக்கா சுவரில் இருந்த காலண்டரை இரண்டு தடவை பார்த்துவிட்டுச் சொன்னாள். தங்கை படத்தின் வலது மூலையில் தன் பெயரை எழுதி, கீழே தேதி போட்டாள்: 14 மார்ச் 1968, வியாழக்கிழமை.