யாரோ அல்ல, குமாரசாமி

முழங்காலை ஈர மண்ணில் ஊன்றியபடியே குமாரசாமி காதில் மாட்டியிருந்த ஹெட்ஃபோனைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொள்கிறார். "இரும்புங்குது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறார். உலோகம் தேடும் கருவி கரகரவென்று அடித்தொண்டையில் உறுமினால் கீழே இருப்பது இரும்பு. இந்தப் பொழுதுபோக்கில் இருக்கும் மற்றவர்கள் உறுமல் கேட்டதும் அடுத்த இடத்துக்கு நகர்ந்துவிடுவார்கள். இவருக்கு அந்தப் பழக்கம் கிடையாது. "மிஷினு சொல்லிருச்சுன்னா ஆச்சுங்களா? நானு பாக்கோணுமல்ல" என்பார்.

கோபிச்செட்டிப்பாளையத்திலிருந்து பெட்டியில் துணிமணிகளுக்கு நடுவே சுற்றிக் கொண்டுவந்த களைக்கொத்துதான் ஆயுதம். அதனால் நாலு பக்கமும் கீறி, வேரும் சருகுமாக ஒரு மண்கட்டியைப் பெயர்த்து ஓரமாக வைக்கிறார். குழிக்குள் கைவிட்டுத் துழாவியதில் பாதி லாடம் ஒன்று வருகிறது. அதைப் பேண்டில் துடைத்து, இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்து, இடுப்புப் பையில் போட்டுக்கொள்கிறார். பிறகு மண்ணைத் தள்ளி, கட்டியைப் பழையபடி பொருத்தி, காலால் ஒரு மிதி. அங்கே ஒருவர் தோண்டினார் என்று கற்பூரம் அடித்துச் சொன்னாலும் யாரும் நம்பமாட்டார்கள்.

அறுபத்து நாலு வயது. ஆள் நெடுநெடுவென்று இருப்பார், நல்ல கறுப்பு. உண்ணி ஏறாமலிருக்கப் பேண்டின் கால்களை சாக்ஸுக்குள் செருகியிருப்பார். மேலே ஆரஞ்சு நிறத்தில் கையில்லாத மேலுடை, தலையில் மகன் கம்பெனித் தொப்பி. ஊரில் உரக்கடை வைத்திருந்தவர். காலை முதல் இருட்டும்வரை வருகிறவன் போகிறவனோடெல்லாம் பேசிப் பேசிப் பழகிய தொண்டை, அமெரிக்காவில் மகன் இருக்கும் பிரிட்ஜ்வாட்டருக்கு வந்து ஐந்து வருஷம் தாண்டியும் இறங்கவில்லை. மகன் செழியன் வீட்டிலிருந்தே ஆபீஸ் மீட்டிங்கில் இருக்கும்போது, "அப்பா, கொஞ்சம் மெதுவா" என்று மாடியிலிருந்து வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்புவான். அதையும் இவர் உரக்கவே படிப்பார்.

கார் ஓட்டத் தெரியாதவனுக்கு அந்த ஊரில் கால் இருந்தும் இல்லாத மாதிரிதான். நடக்க ஓரப்பாதை இல்லை, நடந்து போய்ச் சேர ஒரு டீக்கடை இல்லை. லைசென்ஸ் தேர்வுக்குப் போய், 'ஸ்டாப்' பலகை முன்னால் வண்டி சரியாக நின்றதா இல்லையா என்று தேர்வு அதிகாரியோடு வாதம் செய்துவிட்டுத் திரும்பினார். "நானு நிறுத்துனது நிறுத்துனதுதானுங். அவருக்குப் பத்தலைன்னா நானென்ன பண்ணட்டும்?" அதோடு அந்தக் கதை முடிந்தது. யார் தயவும் இல்லாமல், யாரையும் 'கொண்டுபோய் விடு' என்று கேட்காமல் அவரால் போகமுடிகிற ஒரே இடம் வீட்டு வரிசைக்குப் பின்னால் இருக்கும் காடு.

காட்டுக்குச் சொந்தக்காரி டோரத்தி என்கிற எண்பது வயதுப் பெண்மணி. மறு ஓரத்தில் பழைய பண்ணை வீட்டில் தனியாக இருக்கிறாள். தெருவில் யாரோ வீட்டைக் காலி செய்தபோது வாசலில் விற்பனைக்குக் கிடந்த கருவியைப் பேரம் பேசி வாங்கிய கையோடு, குமாரசாமி நேரே போய் அவள் கதவைத் தட்டினார். "மேடம். யுவர் ஃபாரஸ்ட். ஐ சர்ச். ஐ ஷோ. ஐ குளோஸ்" என்று களைக்கொத்தால் குழி மூடுவதைக் காற்றிலேயே செய்து காட்டினார். எதைத் தேடப்போகிறீர் என்று அவள் கேட்டாள். "எனிதிங்" என்றார். அவள் கண்ணில் நீர் வரச் சிரித்துவிட்டு, தாராளமாகத் தேடிக்கொள்ளும்படி சொன்னாள். நன்றிக்கு இவர் தோட்டத்துப் பீர்க்கங்காய் கொடுத்தார். அதை என்ன செய்வதென்று தெரியாமல் அவள் சமையலறையில் தொங்கவிட்டாள். அது காய்ந்து நாரானதும் முதுகு தேய்க்க எடுத்துக்கொண்டாள். இவருக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான். ஆனாலும் வருஷா வருஷம் கொடுக்கிறார்.

கிடைப்பதில் பெரும்பாலும் பீர் டப்பா வளையங்கள், தோட்டாக் கூடுகள், ஆணிகள். எப்போதாவது தேய்ந்த செப்புக்காசு ஒன்று, பழங்காலச் சட்டையின் தட்டைப் பித்தான் ஒன்று. எல்லாவற்றையும் கொண்டுபோய் முதலில் டோரத்திக்குக் காட்டுவார். அவள் வேண்டாம் என்றதெல்லாம் கராஜில் முட்டை அட்டைகளின் குழிகளில் ஒவ்வொன்றாக உட்காரும். அவருக்கு மிகவும் பிடித்தது வெள்ளை பூத்த, பழங்காலத் துப்பாக்கியின் ஈயக்குண்டு ஒன்று. துளி நசுங்காமல் உருண்டையாகவே இருக்கிறது. "இது ஆரையுங் கொல்லாத குண்டுங்" என்று பெருமையாக எடுத்துக் காட்டுவார்.

மனைவி வசந்தாமணிக்கு இதெல்லாம் ஆகாது. "செத்தவங்க சாமானையெல்லாம் ஊட்டுக்குள்ள கொண்டாராதீங்கன்னு சொல்லிப்போட்டேன்" என்று கராஜ் வாசலோடு நிறுத்திவிடுவாள்.

"ஊடு கட்டியிருக்கற நெலமே செத்தவங்களுதுதான். நீ போயி ரோட்டுல படுத்துக்கறயா?" என்று இவர் கேட்பார். அதற்கும் அவள் வாசலை விட்டு நகரமாட்டாள். குண்டும் உள்ளே வராது.

இந்த அக்டோபரில் இலைகள் உதிர்ந்தன. கோடை முழுக்கப் பச்சைச் சுவராக நின்ற காடு நாலே காற்றில் சல்லடை ஆயிற்று. அதுவரை யார் கண்ணிலும் படாமல் திரிந்தவர், ஓரத்து வீடுகளின் சமையலறை ஜன்னல்களுக்கெல்லாம் தெரிய ஆரம்பித்தார். அது அவருக்குத் தெரியாது.

ஒரு சனிக்கிழமை காலை. காதில் ஹெட்ஃபோன் இருந்ததால் பின்னால் கூப்பிட்டது கேட்கவில்லை. தற்செயலாகத் திரும்பினால் இரண்டு போலீஸ்காரர்கள். ஒருவர் கை இடுப்புத் துப்பாக்கிமேல் இருந்தது. கீழே போடு என்று கத்தினார்கள். குமாரசாமி எதையும் போடவில்லை. கருவியைக் கைக்குழந்தையைக் கிடத்துவது மாதிரி சருகின்மேல் கிடத்தினார், அதன் பக்கத்தில் களைக்கொத்தை வைத்தார், பிறகுதான் கையைத் தூக்கினார். வாயில் இங்கிலீஷ் வரவில்லை, தமிழும் வரவில்லை. பண்ணை வீட்டின் பக்கம் தாடையால் காட்டினார். சத்தம் கேட்டு வீட்டுச் செருப்போடு ஓடிவந்த டோரத்தி, போலீஸ்காரர்கள் இருவரையும் பள்ளிக்கூடப் பிள்ளைகளைத் திட்டுவது போல் திட்டி அனுப்பினாள். அவர்கள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு போனார்கள்.

அன்று சாயங்காலம் மூலைவீட்டுப் பசுபதி ஒரு டப்பா மைசூர்பாகோடு வந்தார். சென்னைக்காரர். முப்பது வருஷமாக இங்கே இருக்கிறார், குடியுரிமை வாங்கியும் இருபது வருஷம் ஆகிறது. கோயிலில் பிரசாத வரிசையில் இவருக்குப் பின்னால் எத்தனையோ தடவை நின்றவர். சோபாவின் நுனியில் உட்கார்ந்தார்.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. போலீஸுக்கு நான்தான் கால் பண்ணேன். கிச்சன் ஜன்னல்லேந்து பாத்தா ஒருத்தன் கையில லாங்கா ஏதோ வச்சுக்கிட்டு மரத்துக்கு நடுவுல நடக்கறான். நீங்கன்னு தெரிஞ்சிருந்தா பண்ணியிருக்கவே மாட்டேன் சார்."

"ஆருன்னு நெனச்சீங்க?"

"யாரோன்னு நினைச்சேன் சார்."

"யாரோன்னா ஆருங்க?"

பசுபதி டப்பாவின் மூடியைச் சரி செய்தார். இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால் எவர் கறுப்பு என்று சொல்ல வெயிலில் கொண்டுபோய்ப் பார்க்கவேண்டும். அந்த மனிதருக்கு ஜன்னலுக்கு வெளியே தெரிந்தது தன்னைப் போன்ற ஒருவன் என்று ஒரு நொடிகூடத் தோன்றவில்லை. குமாரசாமிக்குப் போலீஸ்காரரின் கை துப்பாக்கிமேல் இருந்ததைவிட இதுதான் சுட்டது.

"காலம் சரியில்ல சார்" என்றார் பசுபதி. "நாமல்லாம் கொஞ்சம் லோ ப்ரொஃபைல்ல இருக்கறது பெட்டர். ஒருத்தர் பண்றது எல்லாருக்கும் கெட்ட பேரு. உங்களுக்கு சிட்டிசன்ஷிப் இன்டர்வியூ வேற வருது." சொல்லிவிட்டு இவரைப் பார்க்காமல் செழியனைப் பார்த்தார். செழியன் தலையாட்டினான்.

பசுபதி போனதும் மகன் அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "அப்பா, இன்டர்வியூ முடியற வரைக்கும் காட்டுக்குப் போகாதீங்கப்பா. ரெக்கார்டுல ஏதாச்சும் ஏறுச்சுன்னா அப்ளிகேஷனையே ரிஜெக்ட் பண்ணிருவாங்க. சிட்டிசன் ஆன நானே ஏர்போர்ட்டுல பாஸ்போர்ட்ட மூணு தடவை எடுத்துப் பாத்துக்கறேம்ப்பா." அவன் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அப்பாவுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்கிற பயம் அவன் முகத்திலேயே இருந்தது.

"தப்புப் பண்ணுனது ஆரு கண்ணு, நானா?"

"யாரும் பண்ணலப்பா."

"அப்பறம் எதுக்கு நானு ஊட்டுக்குள்ள உக்காரோணும்? மருமக தெனமும் என்னைய உக்கார வெச்சு அந்தக் கேள்வி பொஸ்தகத்துல இருந்து கேக்கறா. ஃப்ரீடம்னா என்னன்னு கேக்கறா, நானும் ஒப்பிக்கறேன். பரிச்சைக்குப் படிக்கறது அது. ஊட்டுல சொல்றது சத்தம் போடாத, வெளிய தெரியாதன்னு. ரெண்டுல எதைய நானு அந்த ஆபீசருகிட்டச் சொல்லட்டும்?"

பேச்சு அப்படி இருந்தாலும் அடுத்த சில நாள் அவர் போகவில்லை. பயம் இல்லை என்று சொன்னால் பொய். தெருவில் எந்தக் கார் மெதுவாகப் போனாலும் திரைச்சீலையை விலக்கிப் பார்த்தார். இந்த வயதில் இப்படிப் பயந்துவிட்டோமே என்று அவருக்குத் தன்மேலேயே ஆத்திரம் வந்தது. உரத்த குரல் அடங்கிப்போயிற்று. மாடியிலிருந்து 'மெதுவா' என்று செய்தி வருவது நின்றது. வீட்டில் எல்லோருக்கும் அது நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். யாருக்கும் இல்லை.

கடைசியில் வசந்தாமணிதான் பொறுக்கமுடியாமல் கராஜுக்குப் போய், தான் தொடவே தொடாத அந்தக் கருவியை ஒரு பழைய துண்டால் பிடித்துத் தூக்கிக்கொண்டு வந்து அவர் முன்னால் சாத்தி வைத்தாள்.

"போய்ட்டு வாங்க. இப்படியே உக்காந்திருந்தா நீங்களுஞ் செத்தவங்க சாமானாட்டத்தான் இருக்கறீங்க."

"உம்மவன் வையறானே?"

"அவன நானு பாத்துக்கறேன். குளுரு வந்துருச்சு, காதை மூடிட்டுப் போங்க."

அன்றைக்கு ஆரம்பித்த நடை இன்றுவரை நிற்கவில்லை. இன்டர்வியூ ஜனவரியில் வருகிறது. என்ன ஆகும் என்று அவருக்கும் தெரியாது. கேட்டால், "வாரப்பப் பாத்துக்கலாமுங்" என்பார். செழியன், அப்பா கிளம்பும் நேரத்தில் மாடி ஜன்னலுக்கு வந்து, அவர் கண்ணுக்கு மறையும்வரை நிற்கிறான்.

ஒன்று மட்டும் மாறிவிட்டது. முன்பெல்லாம் கொல்லைப்பக்கமாகவே காட்டுக்குள் இறங்கிவிடுவார், இரண்டு நிமிஷ நடை. இப்போது தெருவைச் சுற்றிக்கொண்டு, நடுரோட்டில், கருவியைத் தோளில் சாத்திக்கொண்டு, மூலைவீட்டுக்குப் போகிறார். பசுபதி வீட்டு வாசலில் இப்போது எல்லா வீட்டிலும் இருக்கிற மாதிரி கேமரா வைத்த அழைப்புமணி இருக்கிறது. அதை அழுத்துகிறார்.

"பசுபதி சார், குமாரசாமி பேசறனுங். காட்டுக்குப் போறேன். பொழுதோட வந்துருவேன்."

மணிக்குள்ளிருந்து குரல் வருகிறது. "சார், டெய்லி வந்து சொல்ல வேணாம் சார். அதான் அன்னிக்கே சாரி சொல்லிட்டேனே."

"அது அன்னைக்கே ஆச்சுங். இது அதுக்கில்லீங். நல்லாப் பாத்து வெச்சுக்கோங்க."

குமாரசாமி தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொள்கிறார். குனிந்து, மணியின் கண்ணாடிக்கு ஒரு சாண் தூரத்தில் முகத்தைக் கொண்டுபோய் நேராக வைக்கிறார். கொஞ்ச நேரம் அப்படியே நிற்கிறார். பிறகு இடது பக்கம் திருப்பிக் காட்டுகிறார். பிறகு வலது பக்கம்.