மெல்லத் தேவையில்லாத இனிப்பு

எங்கள் தெருமுனை டீக்கடைக்காரர்தான் முதலில் சொன்னார். பால் வாங்கப் போனவனிடம், "உங்க அத்தை காலையிலேயே வந்துட்டுப் போயிட்டாங்களே" என்றார். எதற்கு வந்தார் என்று கேட்டேன். கிரீம் பன்னை டீயில் நனைத்துச் சாப்பிட்டாராம். தினமும் அப்படித்தானாம்.

அத்தை என்றால் என் மாமியார். நாகப்பட்டினம் பக்கம் கடலோர ஊர். மாமா போட்டில் போவார், கரையில் மீனை ஏலம் எடுத்து ஊர் ஊராக விற்றது அத்தை. மாமா காலமான பிறகு தனியாக இருக்க வேண்டாம் என்று என் மனைவி பிடிவாதமாக ஒரத்தநாட்டுக்குக் கூட்டிவந்துவிட்டாள். வரும்போதே சர்க்கரை நோயும் கூட வந்தது. பற்கள் வரவில்லை. கீழே சில, மேலே ஒன்று, அவ்வளவுதான் மிச்சம். பல் செட் ஒன்று கட்டிக் கொடுத்தோம். வெளியே கிளம்பும்போது போட்டுக்கொள்வார், சாப்பிட உட்காரும்போது கழற்றி டம்ளரில் போட்டுவிடுவார். கேட்டால், "இது போட்டோவுக்குப்பா, சோத்துக்கு இல்ல" என்பார்.

நான் சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வெல்டராக இருந்துவிட்டுத் திரும்பியவன். இப்போது இருக்கிற வயலைப் பார்த்துக்கொள்கிறேன். மனைவி ஒரு கல்லூரியில் லேப் வேலைக்குப் போகிறாள். அதனால் பகலில் வீட்டில் நானும் அத்தையும்தான். பட்டறையில் இருந்தபோது அறையில் முறைவைத்துச் சமைப்போம். அந்தப் பழக்கத்தில் இங்கேயும் அடுப்படி என் கைக்கு வந்துவிட்டது. ஆரம்பத்தில் அத்தைக்கு அது பெரிய சங்கடம். மாப்பிள்ளை குழம்பு ஊற்ற மாமியார் சாப்பிடுவதாவது என்று தட்டை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்விடுவார். என் மீன் குழம்பில் புளி அதிகம் என்று கண்டுபிடித்த அன்றைக்குத்தான் அந்தக் கூச்சம் போனது. அதன்பிறகு எனக்கு எதிரிலேயே உட்கார்ந்து குறை சொல்லத் தொடங்கினார்.

கிரீம் பன் விஷயம் தெரிந்ததும் மனைவி அழுதேவிட்டாள். அத்தையைத் தஞ்சாவூரில் டாக்டரிடம் அழைத்துப் போனோம். டாக்டர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் அத்தையைத் திட்டவில்லை, எங்களைத்தான் பார்த்தார். இனிப்பே கூடாது என்று பூட்டி வைத்தால் அவர்கள் வெளியே போய்த்தான் சாப்பிடுவார்கள், அதிலும் மைதாவும் சர்க்கரையுமாகத்தான் கிடைக்கும் என்றார். சோற்றைக் குறையுங்கள், முட்டை, மீன், பருப்பு கொடுங்கள், இனிப்பு கேட்டால் மாவும் சர்க்கரையும் இல்லாமல் வீட்டிலேயே செய்து கொஞ்சமாகக் கொடுங்கள் என்றார். கருப்பட்டி போடலாமா என்று மனைவி கேட்டாள். கருப்பட்டியும் நாட்டுச் சர்க்கரையும் உடம்புக்குள் போனால் சர்க்கரைதான் என்று சொல்லிவிட்டார். சர்க்கரையை ஏற்றாமல் இனிக்கிற சீனித்துளசிச் சாறு சொட்டு மருந்து மாதிரி பாட்டிலில் கிடைக்கும், அதைப் பயன்படுத்தலாம் என்றார்.

காரில் வரும்போது அத்தை பின்சீட்டில் இருந்து மெதுவாகச் சொன்னார்.

"ராத்திரி சாப்பாடு இல்லாமக்கூட இருந்துருவேன் மாப்பிள. வாய் இனிக்காம ஒரு நாள் முடியறது கஷ்டமா இருக்கு."

அவர் எதையும் கேட்டுப் பழக்கமில்லாதவர். கூடையைத் தலையில் வைத்து நடந்த காலத்தில் விற்று முடித்ததும் ஏதாவது ஒரு கடையில் அல்வாத் துண்டு வாங்கித் தின்றுவிட்டுத்தான் பஸ் ஏறுவாராம். அதுதான் அவருக்கு அவரே கொடுத்துக்கொண்ட கூலி. இதை என் மனைவி பிறகு சொன்னாள். அவர் வாய்க்கு இனிப்பாக ஏதாவது நானே செய்துவிடுவது என்று அன்றைக்கே முடிவு பண்ணினேன்.

முதலில் வேர்க்கடலையும் பாதாமும் அரைத்து உருண்டை பிடித்தேன். பார்க்க அழகாக இருந்தது. அத்தை வாயில் போட்டு நெடுநேரம் அப்படியும் இப்படியும் தள்ளிவிட்டு, எழுந்துபோய் வாய் கொப்பளித்தார். கடலைத் துணுக்குகள் ஈறுக்கு அடியில் போய்க் குத்தியிருக்கின்றன. அடுத்து, பரங்கிக்காயை வேகவைத்து மசித்து நெய்யில் கிளறினேன். மெத்தென்று வந்தது. ஆனால் சீனித்துளசிச் சாற்றைத் தாராளமாக விட்டுவிட்டேன். அது அளவு மீறினால் கசக்கும் என்று எனக்குத் தெரியாது. அத்தை ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தார். மருந்து எப்போது முடியும், இனிப்பு எப்போது வரும் என்று கேட்டார். மனைவி சிரித்ததில் அவள் சாப்பிட்டுக்கொண்டிருந்த சோறு புரைக்கேறியது.

கடைசியில் வழி காட்டியதும் அத்தைதான். நாகூரில் மீன் கொடுக்கும் வீடு ஒன்று இருந்ததாம். பெருநாள் வந்தால் அந்த வீட்டம்மா கூப்பிட்டு உட்காரவைத்து வட்டிலப்பம் கொடுப்பாராம். முட்டையும் தேங்காய்ப்பாலும் கலந்து ஆவியில் வேகவைப்பது. அதில் மாவே கிடையாது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. சர்க்கரையை மட்டும் எடுத்துவிட்டால் டாக்டர் சொன்னதுதான் அது.

அன்று மாலையே செய்தேன். முட்டையை நுரை பொங்காமல் அடித்து, கெட்டித் தேங்காய்ப்பாலும் ஏலக்காயும் சேர்த்து, சீனித்துளசிச் சாற்றை இந்தத் தடவை எண்ணிச் சொட்டவிட்டு, கிண்ணத்தை இட்லிப் பானைக்குள் வைத்தேன். அத்தை பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு தீயைக் குறைக்கச் சொல்லிக்கொண்டே இருந்தார். தீ கூடினால் ஓட்டை ஓட்டையாக வந்துவிடுமாம். ஆறியதும் ஒரு கரண்டி எடுத்து நாக்கில் வைத்தார். கண்ணை மூடிக்கொண்டார். கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு டீக்கடைக்காரர் அத்தையைப் பற்றி விசாரிக்கத் தொடங்கிவிட்டார், உடம்பு சரியில்லையா என்று.

இப்படி இருக்கும்போதுதான் என் அக்கா வீட்டுக்காரருக்கு அறுபதாம் கல்யாணம் வந்தது. திருக்கடையூரில். அக்கா மன்னார்குடியிலிருந்து நேரிலேயே வந்து எங்கள் எல்லோரையும் அழைத்தாள். அத்தையிடமும் தனியாகச் சொன்னாள். அக்கா நல்லவள். சிக்கல் என் அம்மாதான். அம்மா அக்காவோடு இருக்கிறார். நானும் என் மனைவியும் விரும்பித்தான் கல்யாணம் செய்துகொண்டோம். வயல் வைத்திருக்கிற குடும்பத்துப் பிள்ளை கடலோரத்தில் போய்ப் பெண் எடுப்பதா என்று அம்மா கல்யாணத்துக்கு வரவில்லை. போனில் பேசுவார். ஆனால் எங்கள் வீட்டு வாசல்படியை மிதித்ததில்லை. அத்தையோடு ஒரு வார்த்தை பேசியதில்லை.

அத்தைக்கு இதெல்லாம் தெரியும். வயிறு சரியில்லை, கால் வலிக்கிறது என்று ஆரம்பித்தார். மனைவி விடவில்லை. கடைசியில் அத்தை ஒரு நிபந்தனை போட்டார். பந்தியில் லட்டும் ஜாங்கிரியும் வைப்பார்கள், எல்லோரும் சாப்பிடும்போது அதைப் பார்த்துக்கொண்டு தன்னால் உட்கார முடியாது, தனக்கு என்று ஒன்று வேண்டும் என்றார். வட்டிலப்பம் எடுத்துப் போகலாம் என்றேன். அத்தை என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். கோயில் காரியத்துக்கு முட்டையா?

எனவே கடல்பாசிக்கு மாறினேன். சைனா கிராஸ் என்று கடையில் வெள்ளை நாராக விற்பார்களே, அதுதான். தண்ணீரில் கொதிக்க வைத்துக் கரைத்து, இளநீர் வழுக்கையை அரைத்துச் சேர்த்து, தேங்காய்ப்பாலும் சீனித்துளசிச் சாறும் விட்டுத் தட்டில் ஊற்றினால் தானாக உறைந்துவிடும். ஆனால் பாசி கொஞ்சம் கூடினால் ரப்பர், கொஞ்சம் குறைந்தால் கஞ்சி. ஈறால் அழுத்தினால் உடைய வேண்டும், ஒரத்தநாட்டிலிருந்து திருக்கடையூர் வரை கார் குலுங்கினால் உடையக் கூடாது. நான் திரும்பத் திரும்பச் செய்ய, அத்தை ருசி பார்த்து, இது செருப்பு, இது தண்ணி என்று தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒருவழியாகப் பதம் வந்தது.

கொண்டுபோகும் பொறுப்பை அத்தையே எடுத்துக்கொண்டார். ஐஸில் அடுக்குவது அவருக்கு ஆயுள் முழுக்கச் செய்த வேலை. புதிதாக ஒரு தெர்மாகோல் பெட்டி வாங்கிவரச் சொன்னார். ஐஸை உடைத்துப் பரப்பி, எவர்சில்வர் டப்பாவை நடுவில் இறக்கி, சுற்றிலும் நிரப்பி, மூடியைக் கயிற்றால் கட்டினார்.

விடியற்காலையில் கிளம்பினோம். கும்பகோணம் தாண்டித் திருவிடைமருதூரில் காபிக்கு நிறுத்தியபோது திறந்து பார்க்கலாமா என்றேன். ஐஸ் பெட்டியை வழியில் திறக்கவே கூடாது என்று அத்தை மடியை விட்டு இறக்கவில்லை.

திருக்கடையூரில் கலச நீர் ஊற்றி, அத்தானும் அக்காவும் நனைந்து நடுங்கி, மறுபடி தாலி கட்டி எல்லாம் நல்லபடியாக முடிந்தது. பிறகு சாப்பாட்டு மண்டபம். அத்தை அந்தப் பெட்டியோடு உள்ளே நுழைந்ததும்தான் நான் யோசிக்காத ஒன்று நடந்தது. மண்டபத்தில் இருந்த எங்கள் சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் அத்தை யார் என்று தெரியும். கையில் இருப்பதோ மீன் பெட்டி. கயிறு கட்டி, அடியில் தண்ணீர் சொட்டுகிற மீன் பெட்டி. என் சித்தி ஒருவர் முந்தானையால் மூக்கைப் பொத்தினார். அக்கா ஓடிவந்து என் காதில், "தம்பி, உள்ள என்னடா இருக்கு?" என்றாள். என் மனைவியின் முகம் சிவந்துவிட்டது. திரும்பிப் போய்விடலாம் என்று அவள் அத்தையின் கையைப் பிடித்தாள்.

அத்தை அதற்குள் காலியாக இருந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அது என் அம்மாவுக்குப் பக்கத்து நாற்காலி. அம்மா தலையைத் திருப்பவில்லை.

இலை போட்டார்கள். நான் தண்ணீர் ஊற்றுகிற சாக்கில் அந்த வரிசையிலேயே நின்றேன். அம்மாவுக்கும் பல் இல்லை, இது எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஆனால் அன்றைக்குத்தான் நான் உற்றுக் கவனித்தேன். வடையை ரசத்தில் ஊறப்போட்டார். அப்பளத்தைச் சோற்றில் நொறுக்கினார். லட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு இலையின் ஓரத்துக்குத் தள்ளினார். ஜாங்கிரி கொண்டுவந்தவரிடம் வேண்டாம் என்று கையை அசைத்தார்.

அத்தையும் இதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பல் செட்டைக் கழற்றிக் கைக்குட்டையில் சுற்றிப் பைக்குள் வைத்தார். கயிற்றை அவிழ்த்துப் பெட்டியைத் திறந்தார். சுற்றியிருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். டப்பாவுக்குள் மல்லிகைப்பூ நிறத்தில், வில்லை வில்லையாக, ஒன்றுகூட உடையாமல் இருந்தது. தனக்கு ஒரு வில்லை எடுத்துக்கொண்டார். பிறகு யாரையும் கேட்காமல் இன்னொன்றை எடுத்து என் அம்மாவின் இலையில் வைத்தார்.

அம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு விரலால் அழுத்திப் பார்த்தார். எடுத்து வாயில் போட்டார்.

"என்னது இது? வாயில வச்சதும் காணோம்."

"வழுக்கையும் தேங்காப்பாலும் சம்பந்தி."

"சக்கரை போடலையா?"

"எனக்கு சுகரு. உங்க புள்ள போட விடமாட்டாரு."

"அவனா செஞ்சான்?"

"அவருதான். எனக்கு ஆறு மாசமா அவர் கையாலதான் சாப்பாடு" என்றார் அத்தை. பக்கத்துப் பந்திக்கும் கேட்கிற குரலில்தான் சொன்னார். மீன் ஏலத்தில் கத்திப் பழகிய குரல் அது.

அம்மா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கோபமா, சிரிப்பா என்று எனக்குத் தெரியவில்லை. பிறகு அத்தை பக்கம் திரும்பி, "இன்னொண்ணு வைங்க" என்றார்.

வைங்க. அம்மா அத்தையிடம் பேசிய முதல் பேச்சு அப்படி மரியாதையோடு முடிந்தது. என் மனைவி எதிர்வரிசையில் இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டாள். நான் பக்கத்தில் இருந்தவரின் டம்ளர் வழிந்து மேசையில் ஓடும்வரை தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். டப்பா அந்த வரிசையிலேயே காலியானது. மூக்கைப் பொத்திய சித்தியும் ஒரு வில்லை வாங்கிக்கொண்டார்.

அறுவடை முடிந்து வைக்கோல் கட்டிக்கொண்டிருந்த நாளில், அம்மா பையோடு எங்கள் வீட்டு வாசலில் வந்து இறங்கினார். வயலைப் பார்த்து நாளாகிவிட்டது, அதற்காகத்தான் வந்தேன் என்றார். வயல் பக்கம் அன்றைக்குப் போகவே இல்லை. அடுப்படியில் வந்து நின்றுகொண்டு நான் முட்டை அடிப்பதை வேடிக்கை பார்த்தார். ஆம்பிளை கைக்கு இது எப்படி வந்தது என்றார். வட்டிலப்பத்தைச் சாப்பிட்டுவிட்டு, எல்லாம் சரி, இனிப்புதான் பத்தவில்லை என்றார். அம்மாவுக்குச் சர்க்கரை நோய் இல்லை. அதனால் அவருக்கு மட்டும் கருப்பட்டி போட்டுத் தனிக் கிண்ணம் வைத்தேன்.

அதுதான் வம்பாகப் போயிற்று. இரண்டு கிண்ணமும் ஒரே மேசையில் இருந்தால் அத்தையின் கரண்டி தவறுதலாகக் கருப்பட்டிக் கிண்ணத்துப் பக்கம் போகும். அம்மா கிண்ணத்தைத் தூக்கி மறுபக்கம் வைத்துக்கொள்வார். "டாக்டர் சொன்னது மறந்துபோச்சா?" என்பார். ஒரு வாய்தானே என்று அத்தை கேட்பார். அந்த ஒரு வாயைப் பற்றி இருவரும் மாலை முழுக்கப் பேசுவார்கள். அங்கிருந்து மீனில் எது முள் இல்லாதது, பல் இல்லாதவர்களுக்கு எந்த மீன் வாகு என்று பேச்சு போகும். இரண்டு நாளில் போகிறேன் என்று வந்த அம்மா, குறுவைக்கு நாற்று விடும்வரை இருந்தார்.

அடுத்த பரிசோதனையில் அத்தைக்குச் சர்க்கரை ஓரளவு இறங்கியிருந்தது. மாத்திரையை நிறுத்தக்கூடாது, சாப்பாட்டை இப்படியே தொடருங்கள் என்றார் டாக்டர். வீட்டில் என்ன இனிப்பு கொடுக்கிறீர்கள் என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள், கூட வந்திருந்த அம்மா செய்முறை முழுவதையும் சொல்ல ஆரம்பித்தார். தீயைக் குறைவாக வைக்க வேண்டும் என்பதை மட்டும் விட்டுவிட்டார். அத்தை அதைச் சொல்லி முடித்தார்.