மைக்செட்காரப் பெண்

என் தம்பி மகனுக்குப் பெண் கேட்டபோது, "அவளிடமே கேளுங்கள்" என்று பெண் வீட்டில் சொல்லிவிட்டார்கள். பாளையங்கோட்டையில் அவள் மைக்செட் போட்டிருந்த மண்டபத்துக்கே போனேன். குட்டை முடி, தோளில் ஒயர்ச் சுருள். பாட்டைப் போட்டுவிட்டுக் கடைசி வரிசையில் கண்ணை மூடி உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். எங்கே போனாலும் அப்படித்தானாம்.

எனக்குச் சுற்றி வளைக்கத் தெரியாது. "ஏம்மா, இந்த ஒயரையெல்லாம் கடாசிட்டு ஆபீஸ் வேலைக்குப் போவியா? போனா முடிச்சிருவோம்."

"நேத்து மேலப்பாளையத்துல நிக்காஹ், இன்னைக்கு வளைகாப்பு, நாளைக்கு ஸ்ரீவைகுண்டத்துல கட்சிக் கூட்டம். விசேஷம் இல்லன்னா குறும்படத்துக்குச் சவுண்டு எடுக்கப் போயிருதேன். ஒரு நாளு மாதிரி இன்னொரு நாளு கிடையாது அண்ணாச்சி. ஆபீஸ்ல என்ன இருக்கு?"

"நாற்காலி இருக்கு, ஃபேன் இருக்கு."

"அத நீங்களே வச்சுக்கிடுங்க" என்று சிரித்தாள். சம்பந்தம் அதோடு போயிற்று. எனக்குப் பொல்லாத கோபம்.

பையனுக்கு வேறு இடத்தில் முடிந்தது. அந்தக் கல்யாணத்துக்கும் மைக்செட் அவள்தான். வாழ்த்திப் பேச என்னை மேடைக்குக் கூப்பிட்டார்கள். என் குரல் தகரத்தைத் தரையில் இழுத்த மாதிரி இருக்கும். வீட்டிலேயே யாரும் காது கொடுப்பதில்லை. அன்று பந்திக்கு எழுந்தவர்கள்கூட நின்று கேட்டார்கள். கடைசி வரிசையில் அவள் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள்.

என் குரலை என்ன செய்தாளோ, இன்றுவரை விளங்கவில்லை. கழுதை, ஆபீசுக்குப் போகாததும் நல்லதுதான்.