ஸ்டெல்லாக்காவின் மூக்கு

மூன்று மாதம் இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை சங்கரா மீன் குழம்பு வைத்தேன். கரண்டியிலிருந்து ஒரு சொட்டு உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்தேன். உப்பு சரி, புளி சரி, காரம் சரி. எனக்கு நானே ஒரு சபாஷ் போட்டுக்கொண்டேன்.

வாக்கிங் போயிருந்த என் கணவர் கதவைத் திறந்தார். உள்ளே வரவில்லை. வாசலிலேயே நின்று மூக்கைப் பொத்திக்கொண்டார்.

“என்ன இது? எலி ஏதாவது செத்துக் கிடக்கா?”

எலி இல்லை... என் குழம்புதான்.

விஷயம் இதுதான். பத்து நாள் முன்பு எனக்கு ஜுரம் வந்தது. டெஸ்ட் செய்தால் இரண்டு கோடு. இப்போதெல்லாம் கொரோனாவை யார் மதிக்கிறார்கள்? “மிளகு ரசம் வெச்சுக் குடி” என்று போனை வைத்துவிடுகிறார்கள். ஜுரம் மூன்று நாளில் போய்விட்டது. போகும்போது என் மூக்கையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. காபிக்கும் வெந்நீருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. எல்லாம் தானாக வரும் என்று நான் யாரிடமும் சொல்லவில்லை.

சரி, என் மூக்குதான் அவுட். ஸ்டெல்லாக்காவுக்கு என்ன ஆயிற்று?

ஸ்டெல்லாக்கா சாந்தோமிலிருந்து எங்கள் மயிலாப்பூர் தெருவுக்கு இருபது வருஷமாக மீன் கொண்டு வருபவர். கூடையை இறக்குவார். மீனின் செவுளைப் பிரித்து மூக்கருகே கொண்டுபோவார். அப்புறம்தான் என் பாத்திரத்தில் போடுவார். நான் ஒருநாளும் மீனை மோந்து பார்த்ததில்லை. அது அக்கா டிபார்ட்மெண்ட். அந்த ஞாயிற்றுக்கிழமையும் செவுளைப் பிரித்தார், மோந்தார், “காலைல வந்த மீனு கண்ணு” என்றார். நானும் பெரிய ஞானி மாதிரி தலையாட்டினேன்.

மறுநாள் வந்தவரிடம் விஷயத்தைச் சொன்னேன். சண்டை போடுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டார்.

“ஒரு மாசமா ஒண்ணியும் தெரில கண்ணு. சளி புட்ச்சிது, ஜுரம் அட்ச்சிது, அப்பாலேர்ந்து வாசனையே இல்ல. மீனு கண்ணப் பாத்து, தொட்டுப் பாத்துதான் எடுத்துக்கினு வரேன்.”

“யார்கிட்டயாவது சொன்னீங்களா?”

“யார்ட்ட சொல்றது? மீன்காரிக்கு மூக்கு இல்லன்னு தெரிஞ்சா ஒரு மீனு நவுருமா? நம்ம பொழப்பே இதுலதான கீது.”

மூக்கைத் தொட்டுக் காட்டினார். வாசனை தெரியாத நானும் அவரும் எதிரெதிரே நின்றுகொண்டு, கெட்டுப்போன மீனை ஆஹா ஓஹோ என்று கொடுத்து வாங்கியிருக்கிறோம். எனக்குப் போனது ஒரு குழம்பு. அவருக்கு?

எங்கள் அபார்ட்மெண்டிலேயே கீழ் வீட்டில் காது மூக்கு தொண்டை டாக்டரம்மா ஒருவர் இருக்கிறார். அக்காவை அங்கே இழுத்துக்கொண்டு போனேன். கூடை வாசலில் காவல் இருந்தது.

டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். கொரோனா கிருமி மூக்கு வழியாக நுழைந்ததும் உடம்பில் முதலில் ஓடி வருவது ஒரு பொதுப்படை. வந்தது யார் என்றெல்லாம் விசாரிக்காது, கண்டதும் அடிதான். வீக்கம், உடம்புவலி எல்லாம் பெரும்பாலும் அந்த அடிதடியில் வருவது. ஜுரம்கூட நம் உடம்பே ஏற்றிக்கொள்ளும் சூடுதான். ஒரு வாரம் போல ஆனதும் இரண்டாவது படை தயாராகும். இந்தக் கிருமிக்கென்றே அளவெடுத்துச் செய்த ஆன்டிபாடி அதில் உண்டு. கிருமி புகுந்த செல்களைத் தேடி அழிக்கிற டி செல்களும் உண்டு. வேலை முடிந்ததும் பெரும்பாலானவை கலைந்துபோகும். கொஞ்சம் மட்டும் கிருமியின் முகத்தை நினைவில் வைத்துக்கொண்டு உடம்பிலேயே தங்கும்.

“அப்ப என் மூக்க தின்னது அந்தக் கிருமிதான?” என்றார் அக்கா.

“முழுசா அது இல்லம்மா. வாசனை பிடிக்கிற நரம்பை அது அவ்வளவா தொடறதில்லை. நரம்புக்குப் பக்கத்துல தாங்கிப் பிடிக்கிற செல்லைத்தான் கெடுக்கும். அதைக் காப்பாத்தத்தான் நம்ம ஆளுங்க வர்றாங்க. சில பேருக்குக் கிருமி போன அப்புறமும் அவங்க அங்கேயே நின்னு சண்டை போட்டுக்கிட்டிருக்காங்க. அதனாலயும் வாசனை வராம இருக்கலாம்.”

கல்யாணம் முடிந்து, மண்டபத்தைக் காலி செய்யச் சொன்ன பிறகும் பந்தி விசாரிக்கிற மாமாக்கள் ஞாபகம் வந்தது எனக்கு. பாசம்தான், சந்தேகமில்லை. ஆனால் யாராவது ஆட்டோ பிடித்து அனுப்ப வேண்டுமே!

அக்கா மூக்கைத் தடவிக்கொண்டார். “நம்ம ஆளா அது? அப்ப திட்ட முடியாது” என்றார்.

நான் இந்தப் பத்து நாளாக வைரஸை வாயில் வந்தபடி சபித்துக்கொண்டிருந்தேன். அக்காவோ தன் பிழைப்பைக் கெடுத்தவர்களைச் சொந்தக்காரர்கள் என்று கேட்டதும் மன்னித்துவிட்டார். இந்தப் பெருந்தன்மை எனக்கெல்லாம் வராது.

மருந்தைவிடப் பயிற்சிதான் முக்கியம் என்றார் டாக்டரம்மா. தினம் இரண்டு வேளை, நாலு வாசனை, ஒவ்வொன்றையும் நிதானமாக மோந்து, அது எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்க்க வேண்டும். எலுமிச்சம்பழம், கிராம்பு, காபித்தூள்... நாலாவதாக ரோஜா என்றார். “ரோஜா எனக்கு இன்னாத்துக்குமா? கருவாடு வெச்சிக்கிறேன்” என்றார் அக்கா. டாக்டரம்மா சிரித்துவிட்டார்.

என் மூக்கு மூன்றே வாரத்தில் திரும்பி வந்தது. அவருக்கு வரவில்லை. எனக்கு அது குற்ற உணர்ச்சியாகவே இருந்தது. யாருக்கு மூக்கு அவசியம்? உட்கார்ந்து பத்திரிகைக்குப் பத்தி எழுதுகிறவளுக்கா?

எனவே ஒரு திட்டம் போட்டேன். காலை ஆறு மணிக்குக் கடற்கரைக்குப் போய், ஏலத்தில் அக்கா எடுக்கப்போகும் மீனை வாடிக்கையாளர் மாதிரி நான் மோந்து பார்ப்பது. கெட்டிருந்தால் இருமுவது. முதல் நாளே தோற்றுப்போனேன். எனக்கு எல்லா மீனும் மீன் நாற்றம்தான் அடித்தது. எல்லாவற்றுக்கும் இருமினேன். “கண்ணு, நீ வூட்டாண்ட போ. பொம்பளைங்க ஒனக்கு டி.பி.ன்றாங்க” என்று அக்கா என்னைக் கிளப்பிவிட்டார்.

இதற்குள் தெருவில் இரண்டு வீட்டு வாடிக்கை கைவிட்டுப் போய்விட்டது. ஆன்லைனில் வாங்குகிறார்களாம். அக்கா அவர்களைக் குறை சொல்லவில்லை. மீன் அளவைக் குறைத்துக்கொண்டார். கூடை நாளுக்கு நாள் லேசானது. இன்னும் கொஞ்ச நாள் பார்த்துவிட்டு மருமகளோடு இட்லி மாவு விற்கப் போவதாகச் சொன்னார். ஆனால் காலையும் மாலையும் கிராம்பு டப்பாவை அவர் விடவில்லை.

போன வாரம் வியாழக்கிழமை. கூடையை இறக்கினார். பழக்கதோஷத்தில் செவுளைப் பிரித்தார், மூக்கருகே கொண்டுபோனார். முகத்தைச் சுளித்தார். இன்னொரு தடவை மோந்தார். பக்கத்து மீனை எடுத்து மோந்தார். மறுபடி முதல் மீன். பிறகு அதைக் கூடையில் போட்டுத் துணியால் மூடிவிட்டு, என்னை நிமிர்ந்து பார்த்தார். கண் கலங்கியிருந்தது.

“இத்த வாங்காத கண்ணு. நேத்து மீனு.”

அந்த மீன் கையை அப்படியே பிடித்துக்கொண்டு, நடுத்தெரு என்றும் பார்க்காமல் நானும் அழுதேன்.

அன்றைக்கு எங்கள் வீட்டில் கத்தரிக்காய்க் குழம்பு. அமிர்தமாக இருந்தது.