நான் வேண்டாமென்ற அட்டை

அன்பானவர்களே, போன கார்த்திகையில் என் வீட்டுக்காரருக்கு நெஞ்சுவலி வந்தது. வயலில் தேங்கிய மழைத் தண்ணீரை வடியவிடப் போனவர் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். திருத்துறைப்பூண்டியிலிருந்து தஞ்சாவூர் போகும்வரை ஆம்புலன்ஸில் அவர் கையைப் பிடித்தபடியே இருந்தேன். கை சில்லிட்டிருந்தது.

இருதயத்தில் அடைப்பு, உடனே ஸ்டென்ட் வைக்க வேண்டும் என்றார் டாக்டர். கவுண்டரில் இருந்த பெண், "காப்பீட்டு அட்டை இருக்காம்மா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். "அப்ப முன்பணம் கட்டணும்மா" என்றாள்.

எதை வைத்துக் கட்டுவது? எங்கள் பக்கம் பெண்களின் நகை ஆடியில் சம்பா சாகுபடிக்காக பேங்குக்குப் போகும். அறுப்பு முடிந்து மாசியில்தான் வீடு திரும்பும். நடுவில் வீட்டில் குண்டுமணித் தங்கம்கூட இருக்காது. அந்த மாதங்களில் யாருக்கும் எதுவும் ஆகாது என்று நாங்களாகவே நம்பிக்கொள்வோம்.

அட்டை ஏன் இல்லை என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன். ஊரில் காப்பீட்டு முகாம் போட்டபோது என் கொழுந்தனார் மனைவி ஸ்டெல்லா, "வாங்கக்கா, போட்டோ எடுத்துட்டு வந்துடலாம்" என்று கூப்பிட்டாள். "கர்த்தர் இருக்கறப்ப அட்டை எதுக்குடி? வராத நோய வெத்தல பாக்கு வச்சு அழைக்கிறியா?" என்று கேட்டேன். அது விசுவாசம் என்று நினைத்தேன். இல்லை, வாய்க்கொழுப்பு. அன்றிலிருந்து அவளோடு பேச்சையும் விட்டுவிட்டேன். பக்கத்து வீடுதான்.

ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் உட்கார்ந்து ஜெபித்தேன். "ஆண்டவரே, நான் பேசியதற்கு அவரை எடுத்துக்கொள்ளாதேயும்." அழுதேன்.

போன் அடித்தது. ஸ்டெல்லா.

"அக்கா, திட்டாம கேளுங்க. நீங்க உபவாச ஜெபத்துக்குப் போன அன்னைக்கு மாமாவ முகாமுக்குக் கூட்டிட்டுப் போயிட்டேன். உங்க வீட்டுக்கும் அட்டை வந்துடுச்சு. நீங்க கிழிச்சிடுவீங்கன்னு நானே வச்சிருக்கேன். மாமாவும் உங்களுக்குப் பயந்து வாயே தெறக்கல. இப்ப போட்டோ எடுத்து அனுப்புறேன், கவுண்டர்ல காட்டுங்க."

காட்டினேன். அன்று மாலைக்குள் ஸ்டென்ட் வைத்துவிட்டார்கள். என் வீட்டுக்காரர் கண் விழித்ததும் முதலில் கேட்டது, "கோவமா?" என்றுதான். அந்த நிலைமையிலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

இப்போது ஒரு சங்கிலியை மட்டும் எந்தச் சாகுபடிக்கும் அடகு வைப்பதில்லை. நெல் விற்றதும் வீட்டுச் செலவுக்கு முன்பே ஆபத்துக்கென்று ஒரு பங்கை எடுத்துவைக்கிறோம். நம்பிக்கை குறைந்து செய்யவில்லை, புத்தி வந்து செய்கிறோம்.

என்னைப்போல் பிடிவாதமாக இருப்பவர்களே, கர்த்தரை நம்புங்கள், அட்டையும் எடுங்கள். நான் ஜெபிப்பதற்கு மாதக்கணக்கில் முன்னாலேயே அவர் உதவியை அனுப்பியிருந்தார். அதைக் கொண்டுவந்தவளின் முகத்தைத்தான் நான் ஏறெடுத்துப் பார்க்காமல் இருந்தேன்.