சந்தைக்கும் மதுக்கடைக்கும் நடுவே ஓர் அறை

என் அக்காவின் வீட்டுக்காரர் ஆட்டு வியாபாரி. புதூர்ப் பக்கத்துக் கிராமங்களில் கிடாய் பிடித்துச் சனிக்கிழமைச் சந்தையில் விற்பார். விற்ற கையோடு குடிப்பார். ஒரு மழைநாள் காலையில் ரோட்டோரச் சகதியில் அவர் கிடந்ததை, பள்ளிக்கூட வேன் ஜன்னல் வழியாக அவருடைய மகள் பார்த்துவிட்டாள். அவள் வீட்டில் யாரிடமும் அதைச் சொல்லவில்லை. வேன் டிரைவர் சொல்லித்தான் அத்தானுக்கே தெரிந்தது. அன்றோடு குடியை விட்டார்.

விட்டவர் சும்மா இருக்கவில்லை. சந்தையை ஒட்டி ஓர் அறையை வாடகைக்குப் பிடித்தார். சந்தை கலையும் நேரம், மடியில் பணத்தோடு மதுக்கடைப் பக்கம் நடக்கிறவர்களை வழிமறித்து, "வாங்கண்ணாச்சி, ஒரு டீ குடிச்சிட்டுப் போங்க" என்று கூட்டிவந்து, தானே டீ போட்டுக் கொடுப்பார். ஆட்டு விலை, மழை, பிள்ளைகள் படிப்பு என்று பேச்சிலேயே பிடித்து வைத்திருந்து, நாகலாபுரம் பஸ் வந்ததும் ஏற்றிவிடுவார். அவ்வளவுதான் அவர் செய்தது. அந்த ஊர்ப் பெண்கள் எங்கே அக்காவைப் பார்த்தாலும் கையைப் பிடித்துக்கொள்வார்கள்.

நான் கோவில்பட்டியில் ஓர் ஆடிட்டர் ஆபீஸில் வேலை பார்க்கிறேன். அந்த அறையை ஓர் அறக்கட்டளையாகப் பதிவு செய்து கொடுத்தது நான்தான். கடலைமிட்டாய் கம்பெனி முதலாளி ஒருவர் வாடகையையும் டீச்செலவையும் ஏற்றுக்கொண்டார். அவருக்கு எண்பது ஜி ரசீது வேண்டும். வருமான வரித்துறையின் எண்பது ஜி சான்று உள்ள அறக்கட்டளைக்குக் கொடுத்தால்தான் கொடுத்தவருக்கு வரியில் கழிவு கிடைக்கும். முதலில் தற்காலிகச் சான்று வந்தது. அதன் காலம் முடியும் முன்பு நிரந்தரச் சான்றுக்கு விண்ணப்பித்தேன்.

வரி அலுவலகத்திலிருந்து கேள்வி வந்தது. பயனடைந்தவர்கள் யார் யார்? அவர்கள் பெயர், ஊர், புகைப்படம், ஆதாரம். அந்த அதிகாரியைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பேருக்கு நடக்கும் அறக்கட்டளைகளை நானே எத்தனையோ பார்த்திருக்கிறேன்.

அத்தானிடம் சொன்னேன். சிரித்தார்.

"குடிக்காம வீட்டுக்குப் போனவன எப்படி மாப்ள போட்டோ எடுக்க? அவன் குடிக்கலங்கது அவன் பொண்டாட்டிக்குல்லா தெரியும்."

"பேராவது எழுதி வாங்குவோம் அத்தான்."

"பேர எழுதுனா, இவன் குடிகாரன்னு நாமளே ஊருக்குச் சொன்ன மாதிரி. அப்புறம் ஒருத்தனும் உள்ள வரமாட்டான். வேண்டாம்."

வாடகை ரசீதும் டீத்தூள், பால் வாங்கிய ரசீதும் சேர்த்துப் பதில் அனுப்பினேன். போதாது என்று விண்ணப்பத்தைத் தள்ளிவிட்டார்கள். கடலைமிட்டாய் முதலாளி என்னைக் கூப்பிட்டு, "எனக்கு மனசு இருக்கு தம்பி. ஆனா ஆடிட்டர் வேண்டாம்னு சொல்லுதாரு" என்றார். அந்த ஆடிட்டர் என் முதலாளிதான். நான் தலையாட்டிவிட்டு வந்தேன். அடுத்த மாதம் அறைக்குப் பூட்டு விழுந்தது. பேர் கேட்டார்கள், அத்தான் கொடுக்கவில்லை என்பது சந்தை முழுக்கத் தெரிந்துவிட்டது.

அத்தான் விடவில்லை. கூட்டிப்போய் உட்காரவைக்க இடம் இல்லாததால் மதுக்கடை வாசலிலேயே போய் நின்றார். வருகிறவர்களிடம் கெஞ்சினார். உள்ளே போனவர்களைத் தோளில் கைபோட்டு வெளியே கூட்டிவந்தார். அக்காவுக்குப் பயம். "அங்கன மட்டும் போய் நிக்காதீங்க" என்று எவ்வளவோ சொன்னாள். "நான் நிக்கலன்னா யாரு நிப்பா?" என்பார்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அக்கா போன் பண்ணினாள். குரலில் கோபமே இல்லை. "தம்பி, உங்க அத்தான் குடிச்சிட்டு வந்திருக்காவ" என்றாள்.  

பழைய குடியில் ஏற்கெனவே ஈரல் கெட்டிருந்தது. மறுபடி தொடங்கிய குடியை விட முடியவில்லை, இந்தத் தடவை உடம்பும் தாங்கவில்லை. கண் மஞ்சளாகி, வயிறு வீங்கி, ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தவர் மகளை மட்டும் பார்க்க மாட்டேன் என்றார். அவள் வந்தால் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வார். அவள் அவர் முதுகைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். இரண்டே மாதத்தில் இறந்துபோனார்.

அடக்கம் முடிந்து திரும்பியபோது சந்தை ஆட்கள் கூட்டமாக வீட்டு வாசலில் நின்றார்கள். ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. வயதான கீதாரி ஒருவர், ஆட்டுக்கிடை போடுகிறவர், என் முன்னால் வந்து, "எங்க பேர எழுதிக்கிடுங்க அண்ணாச்சி. போட்டோவும் எடுத்துக்கிடுங்க. நாங்க குடிச்சவங்கதான், அவரு நிப்பாட்டுனாருன்னு எங்கன வேணாலும் வந்து சொல்லுதோம்" என்றார். பின்னால் நின்றவர்களும் "ஆமா, ஆமா" என்றார்கள்.

நடைப்படியில் உட்கார்ந்திருந்த அக்கா நிமிர்ந்து பார்த்தாள்.

"இத அவிய இருக்கும்போது சொல்லிருக்கக் கூடாதாய்யா?"

கீதாரி துண்டை வாயில் அடைத்துக்கொண்டு அழுதார். 

ஆனாலும் பெயர்களை எழுதினேன். கையெழுத்து வாங்கினேன். மறுபடி விண்ணப்பித்தேன். இந்தத் தடவை சான்று வந்துவிட்டது. ஆபீஸ் கம்ப்யூட்டரில் அதைத் திறந்து பார்த்தபோது பக்கத்து மேஜையில் இருந்தவர் கைகொடுத்தார். நான் எழுந்து குழாயடிக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டே நின்றேன்.

கடலைமிட்டாய் முதலாளி மறுபடி கொடுக்கத் தொடங்கினார். இப்போது கீதாரியின் மகன் அறையைப் பார்த்துக்கொள்கிறான். அக்கா அந்தப் பக்கமே போவதில்லை. போன வாரம் அவளைப் பார்க்கப் போனபோது, அறையில் உட்கார இடமில்லாத கூட்டம் என்று சொன்னேன். "நல்லது" என்று சொல்லிவிட்டு ஆட்டுக்கு வேப்பங்குழை கட்டினாள். கொஞ்ச நேரம் கழித்து, "டீ யாரு போடுதா?" என்று கேட்டாள்.

"கடையில வாங்கித்தான் குடுக்காங்க அக்கா."

"அவிய இஞ்சி தட்டிப் போடுவாவ" என்றாள். பிறகு தொழுவத்துக் கம்பைப் பிடித்துக்கொண்டு, அத்தான் செத்த அன்றுகூட அழாத அழுகையை அழுதாள். நான் பக்கத்தில் போய் நின்றேன்.