துட்டி வீட்டில் கொடுத்த கை

போன வாரம் ஆழ்வார்குறிச்சிக்கு ஒரு துட்டிக்குப் போயிருந்தேன். என் சிநேகிதர் பிச்சையாவின் தாயார் தவறிவிட்டார். நல்ல வயசு. கஷ்டப்படாமல் போன உயிர். அழுகையைவிடக் காப்பி டம்ளர் சத்தம்தான் அந்த வீட்டில் அதிகம் கேட்டது.

கவலையில்லாமல் போய்விட்டு வந்த துட்டி அது. இன்றைக்குப் பாளையங்கோட்டை ஆஸ்பத்திரி ஒன்றின் ஐ.சி.யு. வாசலில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

நம் பக்கத்துப் பழக்கம் உங்களுக்குத் தெரியும். இறந்தவரின் பிள்ளைகள் வீட்டு வாசலில் பெஞ்சு போட்டு வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். துட்டி கேட்க வருகிற ஆண்கள் ஒவ்வொருவராகப் போய் அவர்கள் கையைத் தொட்டுவிட்டு வர வேண்டும். வாய் திறந்து ஒரு வார்த்தை பேச வேண்டாம். கை போதும். தொடாமல் வந்தால்? நீங்கள் துட்டிக்கு வந்ததாகவே கணக்கு இல்லை.

என்னோடு காரில் வந்தவன் சங்கரன். என் பெண்டாட்டியின் தம்பி. காரை நான்தான் ஓட்டினேன். இந்த வயசிலும் நானேதான் ஓட்டுகிறேன் — கண்ணாடிகூடக் கிடையாது. டவுணில் ஏறும்போதே அவன் ஒரு மாதிரி இருந்தான். கண் சிவந்திருந்தது. வெளியே நல்ல வெயில். இவன் ஏ.சி.யை அணைத்துவிட்டுத் துண்டை இழுத்துப் போர்த்திக்கொண்டான்.

“என்னலே, காய்ச்சலா?”

“ஒண்ணுமில்ல அத்தான். வெறும் சளி. மொட்டை மாடியில படுத்தேன், பனி எறங்கிட்டு.”

“சளிக்கு இப்படியா நடுங்கும்?”

“சுக்குக் காப்பி குடிச்சாச்சு. நீர்க்கோவை மாத்திரையை உரசி நெத்தியில பத்தும் போட்டாச்சு. சாயந்தரம் சரியாப் போவும். நீங்க ரோட்டைப் பாத்து ஓட்டுங்க.”

நானும் ரோட்டைப் பார்த்து ஓட்டினேன்.

பத்திரிகையில் நான் எழுதும் இந்தப் பத்தியில் என்னைப் பற்றிப் பல தடவை சொல்லியிருக்கிறேன். இன்னொரு தடவை சொன்னால் குறைந்துபோகாது. அஞ்சாம் கிளாஸோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். தலையில் அண்டா சுமந்து தெருத் தெருவாக விற்றவன். இன்றைக்கு ரத வீதியில் என் பாத்திரக்கடையைத் தெரியாத ஆள் கிடையாது. ஒரு குடத்தைச் சுண்டிப் பார்த்தே கீறல் எங்கே என்று சொல்லிவிடுவேன். டிகிரி படித்த சேல்ஸ்மேன்கள் வாயைப் பிளந்துகொண்டு நிற்பார்கள். ஆனால் ஒரு மனுஷன் தும்மினால்... அது எந்தத் தும்மல் என்று எந்த விரலால் சுண்டிப் பார்க்க?

சங்கரனுக்கும் பிச்சையாவுக்கும் பல வருஷமாகப் பேச்சு கிடையாது. வாய்க்கால் தண்ணீர்த் தகராறு. கல்யாண வீட்டுப் பந்தியில் எதிரெதிரே உட்கார்ந்தாலும் இலையைப் பார்த்தே சாப்பிட்டுவிட்டு எழுந்து போவார்கள். டவுணில் நான் பேசி முடிக்காத பஞ்சாயத்து இல்லை. எனக்கே படியாத ஆட்கள் இந்த இரண்டு பேர்தான்.

ஆனால் சாவு வந்தால் கதை வேறு. பகையாளி துட்டிக்கு வந்து கையைத் தொட்டுவிட்டால் பகை தீர்ந்தது. அதற்காகத்தான் சங்கரன் காய்ச்சலோடு கிளம்பியிருந்தான்.

பிச்சையாவுக்கு மாற்றுக் கிட்னி. அவர் வீட்டுக்காரி கோமதி கொடுத்தது. உடம்பு அந்தக் கிட்னியைத் தள்ளிவிடாமல் இருக்க ஆயுசு முழுக்க மாத்திரை. அந்த மாத்திரை உடம்பின் எதிர்ப்புச் சக்தியை அமுக்கி வைத்துவிடுமாம். கூட்டத்தில் உட்காராதீர்கள், மாஸ்க்கைக் கழற்றாதீர்கள் என்று டாக்டர்கள் சொல்லி வைத்திருந்தார்கள். தாயார் போன வீட்டில் மூத்த பிள்ளை எங்கே போய் ஒளிவது?

ஊர் எல்லையில் காரை நிறுத்திச் சொன்னேன். “ஏலே, தள்ளி நின்னு ஒரு கும்பிடு போட்டுட்டு வந்திரு. அவரு உடம்பு தாங்காது.”

“தள்ளி நின்னா என்ன நெனைப்பாரு? வந்தும் கை குடுக்காமப் போயிட்டான்னு ஊரே பேசும். அதுக்கு நான் வீட்டுலயே கெடந்திருக்கலாமே அத்தான்.”

அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதுதான் கொடுமை.

அங்கே பிச்சையாவின் மாஸ்க் தாடைக்குக் கீழே தொங்கிக்கொண்டிருந்தது. “பெத்தவளை அனுப்பி வைக்குதவன் மூஞ்சிய மூடிக்கிட்டா உக்காருவான்?” என்று யாரோ ஒரு பெரியவர் கேட்டாராம். சங்கரனைக் கண்டதும் பிச்சையா பெஞ்சை விட்டு எழுந்தார். நீட்டிய கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அதுவரை அழாத மனுஷன், அவன் தோளில் முகத்தை வைத்து ஓவென்று அழுதார். சங்கரனும் அழுதான். அழுகையோடு இருமினான்.

சுற்றி நின்ற அத்தனை பேரும் கண்ணைத் துடைத்துக்கொண்டோம்.

மறுநாள் சங்கரன் படுக்கையிலிருந்து எழவில்லை. டெஸ்ட் எடுத்தார்கள் — இன்ஃப்ளூயன்சா. சொல்லி வைத்த மாதிரி பிச்சையாவுக்கும் அடுத்தடுத்துக் காய்ச்சல், மூச்சுத் திணறல், ஆக்ஸிஜன், கடைசியில் இந்த ஐ.சி.யு.

இங்கே இருக்கிற டாக்டரம்மா சின்ன வயசு. நம் ஊர்ப் பெண். கூச்சப்படாமல் கேட்டேன்.

“வெறும் சளி எது, தொத்துத காய்ச்சல் எதுன்னு எப்படிம்மா கண்டுபிடிக்க?”

“சளி பைய வரும் அய்யா. தொண்டை கரகரக்கும், மூக்கு ஒழுகும், ஆளு நடமாடிக்கிட்டு இருப்பாரு. ஃப்ளூ அப்படி இல்ல. காலையில நல்லா இருந்தவரை சாயந்தரத்துக்குள்ள சாச்சிரும். குளிரு, காய்ச்சல், அடிச்சுப் போட்ட மாதிரி உடம்பு வலி. ஆனா எல்லாருக்கும் ஒரே மாதிரி இருக்காது. டெஸ்ட் எடுக்காம நானே அடிச்சுச் சொல்ல மாட்டேன்.”

“அப்ப, தொத்தலன்னா சளின்னு வச்சுக்கலாமா?”

“சளி தொத்தாதுன்னு யாரு சொன்னா? அதுவும் வைரஸ்தான் அய்யா. உங்களுக்கு நாலு தும்மலோட போயிரும். அவருக்கு அப்படிப் போகாது.”

இத்தனை வயசுக்கு இது எனக்குப் புதுச் சேதி. பனி, ஐஸ், எண்ணெய்க் குளியல், புது ஆற்றுத் தண்ணீர்... இவைதான் சளி கொடுக்கும் என்று நம்பி வளர்ந்தவர்கள் நாம். நமக்கு வந்தால் சளி, அடுத்தவனுக்கு வந்தால் வைரஸ். கொரோனா காலத்தில் வாசலில் வாளி வைத்துக் கை கழுவிய ஊர்தானே இது? அத்தனையையும் அந்த வாளித் தண்ணீரோடு கொட்டிவிட்டோம்.

இப்போது ஆழ்வார்குறிச்சியில் பேச்சு வேறு மாதிரி ஓடுகிறது. சங்கரன் வேண்டுமென்றே நோயைக் கொண்டுவந்து கொடுத்தானாம். அவன் போனில் கதறுகிறான். “நான் வந்து ஒரு எட்டு பாக்கலன்னா அவுக சொல்லுதது நெசமாயிரும் அத்தான்.” பாதி பேச்சு இருமலில் போகிறது. வராதே என்று அதட்டி வைத்திருக்கிறேன். எத்தனை நாளைக்குக் கேட்பானோ.

அவனைச் சொல்லி என்ன? தினமும் வேன் பிடித்து ஊர்க்காரர்கள் வருகிறார்கள். கையில் ஆரஞ்சுப் பழப் பை, மூக்கில் கைக்குட்டை. நோயாளியைப் பார்க்க வராவிட்டால் சொந்தம் விட்டுப்போகுமே.

கோமதி ஐ.சி.யு. கதவை மறித்து நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டாள். யாரையும் உள்ளே விடுவதில்லை. கலெக்டர் ஆபீசில்கூட எனக்கு நாற்காலி போடுவார்கள். அந்தத் தோரணையில் கதவருகே போனேன்.

“கோவிக்காதீய அண்ணாச்சி. நீங்களும் அதே கார்லதான வந்தீய.”

இரண்டு அடி தள்ளிப் போய் நின்றுகொண்டு, “கிட்னி எப்படிம்மா இருக்கு?” என்று கேட்டேன்.

“தாங்குமான்னு சொல்ல முடியாதுங்காங்க.” சேலைத் தலைப்பை இழுத்து வாயைப் பொத்திக்கொண்டாள். “எங்கிட்ட இன்னொண்ணு இருக்கு அண்ணாச்சி. அதை எடுக்க முடியாதாமே.”

சொந்த உழைப்பில் மேலே வந்தவன், எதற்கும் ஒரு வழி வைத்திருப்பான் என்பார்கள். என்னிடம் ஒன்றும் இல்லை.

உங்களுக்கும் எங்கேயாவது ஒரு துட்டி வரும். மூக்கு ஒழுகினாலே போகாதீர்கள். நீங்கள் கேட்கப்போவதில்லை என்று தெரியும், இருந்தாலும் சொல்கிறேன். அந்த வீட்டுக்காரர் கோபித்துக்கொள்வாரா? நன்றாகக் கோபித்துக்கொள்ளட்டும்... கோபப்படுவதற்கு முதலில் ஆள் இருக்க வேண்டுமே.